நரம்பு செல் தன் கழிவை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: நரம்பு செல்கள் பிரிந்து பெருகுவதில்லை, நம்மோடு பிறந்து நம்மோடேயே முதுமை அடைகின்றன. சிலவற்றின் நீளம் ஒரு மீட்டரைத் தொடும். அப்படியானால் அந்த நீண்ட இழையின் நுனியில் பழுதாகும் புரதமும், செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் என்ன ஆகின்றன? கூடவே இன்னொன்றும் கேட்கப்பட்டிருந்தது: பட்டினி இருந்தால் மூளையின் கழிவு எரிந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

முதல் கேள்விக்கான பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுனியில் சேரும் கழிவின் கணிசமான பகுதி அங்கேயே ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கப்படுகிறது. அந்தப் பை, உட்கரு இருக்கும் மையப் பகுதியான செல் உடலை நோக்கிப் பயணப்படுகிறது. பயணத்தின் போதே அதற்குள் இருப்பது செரிக்கத் தொடங்குகிறது. நரம்பு செல்லில் கடத்துவதும் செரிப்பதும் தனித்தனி வேலைகள் அல்ல, ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். பல மூளை நோய்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும் என்பது என் கருத்து.

முதலில் சிக்கலின் அளவைப் பார்ப்போம். தோல் செல்லோ குடலின் உட்சுவர் செல்லோ சில நாட்களிலோ வாரங்களிலோ உதிர்ந்துவிடும். பிரியும் செல்லில் கொஞ்சம் கழிவு தேங்கினாலும், பிரிவின் போது அது இரண்டு பங்காகிச் செறிவு குறைந்துவிடும். நரம்பு செல்லுக்கு இந்த வசதி இல்லை. அதன் வடிவமும் அதற்குச் சாதகமாக இல்லை. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை நீளும் ஓர் இயக்க நரம்பு செல்லில், செல் உடலின் அகலம் சில பத்து மைக்ரோமீட்டர். அதிலிருந்து புறப்படும் ஆக்சான் என்ற நீண்ட இழையின் நீளமோ ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்தச் செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆக்சானுக்குள்தான் இருக்கிறது. ஆனால் மரபணுக்கள் இருக்கும் உட்கருவும், செரிமான நொதிகளைத் தயாரிக்கும் உறுப்புகளும் அந்தச் சின்னஞ்சிறு செல் உடலில். வேலை ஒரு முனையில், பட்டறை மறு முனையில்.

கழிவு என்று எதைச் சொல்கிறோம்? சரியாக மடியாத புரதங்கள், ஆக்சிஜனேற்றத்தால் சேதமான புரதங்கள், மின்னழுத்தத்தை இழந்த மைட்டோகாண்ட்ரியா, தேய்ந்துபோன சவ்வுத் துண்டுகள். மூளைப் புரதங்களில் பெரும்பாலானவை சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் புதுப்பிக்கப்படுகின்றன. உட்கருச் சவ்வின் துளைகளில் உள்ள சில புரதங்கள் மட்டும் எலிகளில் ஒரு வருடத்துக்கு மேலும் மாற்றப்படாமல் நீடிப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அவை விதிவிலக்கு. மற்றபடி செல் தன்னையே ஓயாமல் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது.

தனித்தனிப் புரதங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழுதான புரதத்தின் மீது யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படும். ஒன்றன் மேல் ஒன்றாக யுபிக்விட்டின்கள் சங்கிலியாகச் சேர்ந்தால், புரோட்டியசோம் என்ற உருளை வடிவ நொதித் தொகுதி அதை அடையாளம் கண்டு, மடிப்பை அவிழ்த்து, உள்ளே இழுத்துத் துண்டாடும். துண்டுகள் பிறகு அமினோ அமிலங்களாக உடைந்து புதிய புரதங்களுக்குப் பயன்படும். யுபிக்விட்டினும் வீணாவதில்லை, புரதம் உள்ளே போவதற்குள் அது கழற்றப்பட்டு மறுபடி பயன்பாட்டுக்கு வரும். இந்த வழியைக் கண்டறிந்ததற்காக ஆரன் செக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோருக்கு 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. புரோட்டியசோம்கள் ஆக்சானிலும், ஒரு நரம்பு செல் அடுத்ததோடு இணையும் இடமான சினாப்ஸிலும் இருப்பதால் இந்த வேலை அந்தந்த இடத்திலேயே நடந்துவிடும். ஆனால் அதன் வாய் மிகக் குறுகியது. அவிழ்க்கப்பட்ட புரத இழைதான் நுழைய முடியும். கட்டியாகத் திரண்டுவிட்ட புரதமோ, முழு மைட்டோகாண்ட்ரியாவோ அதற்குள் போகாது.

அங்கேதான் ஆட்டோஃபேஜி வருகிறது. செல் தன் உள்ளிருப்பையே ஒரு சவ்வால் சூழ்ந்து, செரிமான நொதிகள் நிறைந்த பையான லைசோசோமிடம் ஒப்படைத்துச் செரிக்க வைக்கும் முறை இது. லைசோசோமை 1950-களில் கண்டறிந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ். 1963-ல் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தவரும் அவரே. பல ஆண்டுகள் இது ஓர் ஓரமான துறையாகவே இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்களில் இதற்கான மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்த பிறகுதான் துறை விரிந்தது. 2016-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்டில் கிடைத்த அந்த மரபணுக்களின் உறவினர்கள் நம் நரம்பு செல்களிலும் இருக்கின்றன.

நரம்பு செல்லுக்கு இது எவ்வளவு அவசியம் என்பதை 2006-ல் ஜப்பானில் வெளியான இரண்டு ஆய்வுகள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டின. ஒன்றில் ஏ.டி.ஜி.5 என்ற மரபணுவையும், மற்றொன்றில் ஏ.டி.ஜி.7 என்ற மரபணுவையும் எலிகளின் நரம்பு மண்டலத்தில் மட்டும் நீக்கினார்கள். அந்த எலிகளுக்கு வேறு எந்த நோய் மரபணுவும் புகுத்தப்படவில்லை. இருந்தும் அவற்றின் நரம்பு செல்களில் யுபிக்விட்டின் ஒட்டிய புரதக் கட்டிகள் சேர்ந்தன, நடை தடுமாறியது, செல்கள் மடிந்தன. அதாவது சாதாரணமாக, நலமாக இருக்கும் மூளையிலும் ஒவ்வொரு நாளும் இந்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டே இருக்க வேண்டும். நோய் வந்த பிறகு தொடங்கும் அவசர ஏற்பாடு அல்ல இது.

இனி நுனியிலிருந்து தொடங்கும் பயணத்துக்கு வருவோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆக்சானுக்குள் பொருள்கள் நகர்கின்றன என்பதே ஒரு காலத்தில் தெளிவாகத் தெரியாது. 1948-ல் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் நரம்பை ஓரிடத்தில் இறுக்கிப் பார்த்தார்கள். இறுக்கத்துக்கு முன்னால், செல் உடல் இருக்கும் பக்கத்தில் ஆக்சான் வீங்கியது. இறுக்கத்தைத் தளர்த்தியதும் தேங்கியது மெல்ல முன்னேறியது. பின்னால் வந்தவர்கள் இறுக்கத்தின் மறுபக்கத்திலும் பொருள்கள் தேங்குவதைக் கண்டார்கள். போக்கு மட்டுமல்ல, வரத்தும் இருக்கிறது என்பது அப்போது புரிந்தது. 1980-களில் கணவாயின் பெரிய ஆக்சானை வீடியோ நுண்ணோக்கியில் பார்த்தபோது, துகள்கள் இரு திசையிலும் ஓடுவதைக் கண்ணாலேயே காண முடிந்தது.

அவை ஓடும் தண்டவாளம் மைக்ரோட்யூபுல் என்ற நுண்குழல். விட்டம் 25 நானோமீட்டர். ஆக்சானில் எல்லாக் குழல்களும் ஒரே திசை பார்த்திருக்கும். அவற்றின் கூட்டல் முனை ஆக்சானின் நுனியை நோக்கி இருக்கும். அதன் மேல், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை எரித்து நகரும் மோட்டார் புரதங்கள் இரண்டு வகை. 1985-ல் அடையாளம் காணப்பட்ட கைனசின் வகையில் பெரும்பாலானவை செல் உடலிலிருந்து நுனிக்குப் போகும், ஒரு அடிக்கு 8 நானோமீட்டர். டைனீன் நுனியிலிருந்து செல் உடலுக்குத் திரும்பும். வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை முன்னோக்கிப் போகும்; திரும்பும் வேகம் அதைவிடச் சற்றுக் குறைவு. டைனீனின் இந்தத் திரும்பும் பாதையைத்தான் ரேபிஸ் வைரஸும் டெட்டனஸ் நச்சும் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டு முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் ஏறுகின்றன.

கழிவுப் பை, அதாவது ஆட்டோஃபேகோசோம், பெரும்பாலும் ஆக்சானின் கடைக்கோடியில் உருவாகிறது. செல்லின் உள்சவ்வு வலையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் அருகே ஒரு தட்டையான சவ்வு முளைத்து, கிண்ணமாக வளைந்து, கழிவைச் சூழ்ந்து மூடிக்கொள்ளும். அதனால் அந்தப் பைக்கு இரண்டு அடுக்குச் சவ்வு. அதன் மேல் எல்.சி.3 என்ற புரதம் ஒட்டியிருக்கும். ஆய்வாளர்கள் ஒளிரும் நிறமியை இந்த எல்.சி.3-உடன் இணைத்துத்தான் உயிருள்ள செல்லில் பையைப் பின்தொடர்கிறார்கள். 1993-ல் பீட்டர் ஹாலன்பெக்கும், 2012-ல் எரிகா ஹோல்ஸ்பார் குழுவும் ஆக்சானுக்குள் நகரும் பைகளைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கதையின் முதுகெலும்பு.

பை உருவான புதிதில் முன்னும் பின்னுமாகத் தடுமாறும். அதில் கைனசினும் டைனீனும் இரண்டுமே பிடித்திருப்பதுதான் காரணம். பிறகு பையின் மேல் வந்து சேரும் துணைப் புரதங்கள் கைனசினை அடக்கி வைக்க, டைனீன் கை ஓங்குகிறது. அதன் பிறகு பை பெரிதாகத் தயங்காமல் செல் உடலை நோக்கிப் போகும். வழியில் லைசோசோம்களுடனும், செல் வெளியிலிருந்து உள்வாங்கியதைச் சுமக்கும் பைகளான முதிர்ந்த எண்டோசோம்களுடனும் இணையும். ஒவ்வொரு இணைவிலும் உள்ளே அமிலத்தன்மை கூடும், புதிய நொதிகள் சேரும். நுனியில் பார்த்தால் உள்ளிருப்பது இன்னும் அடையாளம் தெரியும். செல் உடலை நெருங்கும்போது அது பெரும்பாலும் கரைந்திருக்கும்.

ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இந்தப் பைகள் நொடிக்கு ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் நகர்கின்றன. அதே வேகத்தில் ஒரு மீட்டரைக் கடக்க வேண்டுமென்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று வாரத்துக்கும் மேல் ஆகும். அத்தனை நாட்களும் தண்டவாளம் உடையாமல் இருக்க வேண்டும், மோட்டாருக்கு ஏ.டி.பி. கிடைக்க வேண்டும், துணைப் புரதங்கள் சரியான வரிசையில் ஏறி இறங்க வேண்டும். கை கால் நுனிகளிலிருந்து தொடங்கும் நரம்புப் பாதிப்பு ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு பகுதி பதில் இருக்கிறது. புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின், பாக்ளிடாக்செல் ஆகிய மருந்துகள் நுண்குழல்களைத் தாக்குபவை. அவற்றின் முக்கியமான பக்க விளைவு விரல் நுனிகளில் தொடங்கும் மரத்துப்போதலும் எரிச்சலும். மிக நீளமான ஆக்சான்களே முதலில் அடிபடுகின்றன.

செல் உடலை அடைந்த பிறகு மிச்சம் இருப்பதை அங்குள்ள லைசோசோம்கள் முடித்துவைக்கும். ஒரு லைசோசோமுக்குள் ஏறத்தாழ 60 வகை நொதிகள் உண்டு. புரதம், கொழுப்பு, சர்க்கரை, நியூக்ளிக் அமிலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அவை நன்றாக வேலை செய்ய உள்ளே பிஎச் அளவு 4.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். அதற்காகச் சவ்வில் உள்ள ஒரு பம்ப் ஏ.டி.பி. செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களும் கொழுப்பு அமிலங்களும் சவ்வின் கடத்திகள் வழியே சைட்டோபிளாசத்துக்குத் திரும்பும். மறுசுழற்சி என்று நாம் சொல்வது துல்லியமாக இந்தக் கட்டம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் தனியான ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதன் தர்க்கம் மிக அழகானது. பிங்க்1 என்ற புரதம் நலமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுக்கப்பட்டு உடனே வெட்டி அழிக்கப்படும். மைட்டோகாண்ட்ரியா தன் மின்னழுத்தத்தை இழந்துவிட்டால் பிங்க்1-ஐ உள்ளே இழுக்க முடியாது. அது வெளிச்சவ்விலேயே தேங்கும். பழுது ஏற்பட்டிருக்கிறது என்பதற்கு அந்தத் தேக்கமே அறிவிப்பு. உடனே பார்க்கின் என்ற இன்னொரு புரதம் அங்கே வரவழைக்கப்பட்டு, மைட்டோகாண்ட்ரியாவின் மேல் யுபிக்விட்டின் அடையாளங்களைக் குவிக்கும். அதற்கு முன்பே இவை இரண்டும் சேர்ந்து, மைட்டோகாண்ட்ரியாவை மோட்டாரோடு இணைக்கும் மீரோ என்ற புரதத்தை அழித்து அதை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. ஓடிக்கொண்டிருப்பதைச் சூழ முடியாது அல்லவா? பார்க்கின் மரபணுவில் பிழை இருந்தால் இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரும் என்பது 1998-ல் ஜப்பானியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. பிங்க்1-ன் தொடர்பு 2004-ல். இந்த இரண்டு புரதங்களும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒன்றாக வேலை செய்வது பின்னர்தான் தெரியவந்தது.

எல்லாக் கழிவையும் செல் தானே செரிப்பதில்லை. கண்ணின் விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் ஆக்சான்கள், பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் தங்கள் பழைய மைட்டோகாண்ட்ரியாவைப் பக்கத்தில் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்களிடம் தள்ளிவிடுவதை 2014-ல் எலிகளில் கண்டார்கள். ஆஸ்ட்ரோசைட் அவற்றைச் செரித்துக்கொள்கிறது. மோனிகா டிரிஸ்கால் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவின் நரம்பு செல்கள் புரதக் கட்டிகளையும் பழுதான உறுப்புகளையும் ஒரு பெரிய குமிழாகப் பிதுக்கி வெளியே தள்ளுவதைக் காட்டியது. அந்தக் குமிழ் செல் உடலின் அளவையே நெருங்கும். உள்ளே சமாளிக்க முடியாதபோது அக்கம்பக்கத்து செல்களிடம் ஒப்படைக்கும் இந்த வழி எவ்வளவு பரவலானது என்பது இப்போது தீவிரமாக ஆராயப்படுகிறது.

செல்லுக்கு வெளியே உள்ள கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கத்தில் மூளை கழுவப்படுகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவது கிளிம்பாட்டிக் அமைப்பைப் பற்றியது. மைக்கன் நெடர்கார்ட் குழு 2012-லும் 2013-லும் எலிகளில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. மூளைத் தண்டுவடத் திரவம் ரத்தக் குழாய்களை ஒட்டி நுழைந்து, செல்களுக்கு இடையே உள்ள கரைபொருள்களை அரித்துப் போகிறது என்பது அதன் சாரம். தூக்கத்தில் இது கூடுகிறது என்ற முடிவை 2024-ல் வந்த இன்னொரு எலி ஆய்வு மறுத்திருக்கிறது, விவாதம் தொடர்கிறது. எப்படி இருந்தாலும், அது ஆக்சானுக்குள் நடக்கும் வேலைக்கு மாற்று அல்ல. உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் திரவத்தால் கழுவ முடியாது.

இப்போது பட்டினி. உடலில் அமினோ அமிலமும் ஆற்றலும் குறையும்போது ஆட்டோஃபேஜி கூடுகிறது என்பது கல்லீரலுக்கும் தசைக்கும் நன்றாக நிரூபிக்கப்பட்ட உண்மை. மூளை வேறு. 2004-ல் நோபோரு மிசுஷிமா குழு, எல்.சி.3 ஒளிரும் எலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தபோது பல உறுப்புகளில் பைகள் பெருகின, மூளையில் அப்படிக் காணவில்லை. உடல் பட்டினியில் இருக்கும்போதும் மூளைக்கு முன்னுரிமை கொடுத்து ஊட்டத்தைக் காப்பாற்றுகிறது என்பதோடு இது பொருந்துகிறது. 2010-ல் வந்த வேறொரு எலி ஆய்வு, குறுகிய காலப் பட்டினியில் சில நரம்பு செல்களில் கூடுவதாகச் சொன்னது. உயிருள்ள மனித மூளையில் ஆட்டோஃபேஜியை நேரடியாக அளக்க இன்று நம்பகமான முறை இல்லை. ஆகவே இத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மூளைக் கழிவு நீங்கிவிடும் என்று யாராவது மணிக்கணக்கு சொன்னால், அந்த எண்ணுக்கு மனித மூளையிலிருந்து ஆதாரம் கிடையாது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதை நம்பி உணவைத் தள்ளிப்போடுவது ஆபத்து. தயவுசெய்து மருத்துவரிடம் பேசாமல் செய்யாதீர்கள்.

இன்னொரு விஷயமும் இதில் கவனிக்கப்பட வேண்டும். ஆட்டோஃபேஜியைக் கூட்டினால் எப்போதும் நல்லது என்ற எண்ணமே அரைகுறையானது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகளைச் சுற்றி ஆக்சான்கள் வீங்கியிருக்கும். ரால்ஃப் நிக்சன் குழு 2005-ல் அந்த வீக்கங்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே செரிக்காத ஆட்டோஃபேஜிப் பைகள் நிரம்பி வழிந்தன. பைகள் உருவாவதில் குறை இல்லை. அவை போய்ச் சேரவும் இல்லை, செரிக்கவும் இல்லை. அப்படிப்பட்ட செல்லில் மேலும் பைகளை உருவாக்கினால் தேக்கம்தான் கூடும். எந்தக் கட்டத்தில் தடை என்று தெரியாமல் முழு ஓட்டத்தையும் முடுக்கிவிடுவது சிகிச்சை ஆகாது.

தடை எந்தக் கட்டத்திலும் வரலாம் என்பதற்கு நோய்களே சாட்சி. டைனீனுக்குத் துணை நிற்கும் டைனாக்டின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் இயக்க நரம்பு நோய் வருகிறது. இது 2003-ல் ஒரு குடும்பத்தில் கண்டறியப்பட்டது. ஹண்டிங்டன் நோய்க்குக் காரணமான ஹண்டிங்டின் புரதம் இயல்பான நிலையில் பைகளின் பயணத்துக்கே உதவுவது. பேட்டன் நோயில் தடை இறுதிக் கட்டத்தில்: லைசோசோம் சார்ந்த புரதங்களில் ஒன்று பழுதாகி, லிப்போஃபுசின் என்ற செரிக்காத எச்சத்தைப் போன்ற பொருள் குழந்தைகளின் நரம்பு செல்களில் குவிகிறது. அதில் சி.எல்.என்.2 என்ற வகைக்கு, குறைபடும் நொதியையே மூளையின் உள்ளறைக்குள் நேரடியாகச் செலுத்தும் சிகிச்சை 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நோயை முழுதும் குணப்படுத்துவதில்லை, ஆனால் குழந்தை நடக்கும் திறனை இழப்பதைத் தாமதப்படுத்துகிறது. எந்த நொதி இல்லை என்று தெரிந்ததால் மட்டுமே அது சாத்தியமாயிற்று.

பார்க்கின்சன் நோயிலும் இப்போது இதே திசையில் வேலை நடக்கிறது. ஜி.பி.ஏ.1 என்ற லைசோசோம் நொதியின் மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு அந்த நோயின் ஆபத்து கூடுதல். அந்த நொதியைத் தூக்கி நிறுத்த முடியுமா என்று, சளிக்காகப் பல காலம் பயன்பட்டுவரும் அம்ப்ராக்சால் மருந்தை மருத்துவப் பரிசோதனைகளில் சோதிக்கிறார்கள். இன்னொரு மரபணு எல்.ஆர்.ஆர்.கே.2. அதில் ஏற்படும் நோய் மாற்றம், அந்த மரபணு உருவாக்கும் நொதியை அளவுக்கு மீறி வேலை செய்ய வைக்கிறது. ஹோல்ஸ்பார் குழு 2021-ல் காட்டியது இது: அந்த மாற்றம் உள்ள நரம்பு செல்களில், அடங்கியிருக்க வேண்டிய கைனசின் பையின் மேல் மறுபடி உயிர்பெறுகிறது, டைனீன் ஒரு பக்கம் இழுக்க அது மறுபக்கம் இழுக்கிறது, பை நின்று நின்று போகிறது, அமிலமாவதும் குறைகிறது. எல்.ஆர்.ஆர்.கே.2-ஐத் தடுக்கும் மருந்தை அந்தச் செல்களுக்குக் கொடுத்தபோது பைகள் மறுபடி ஓடின. அந்த வகை மருந்துகள் இப்போது நோயாளிகளிடம் பரிசோதனையில் இருக்கின்றன.